மேற்கு வாசல் பயணி

கரும்பு வெட்டும் கத்தியை ஏகாம்பரம் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாகத் தீட்டினார்.

"சீசன் முடிஞ்சிடுச்சே சார், வெட்டறதுக்குக் கரும்பு ஏது?" என்றான் கோகுலகிருஷ்ணன்.

"கரும்புக்கு இல்ல தம்பி. ஆளுக்கு."

கோகுல் நகர்ந்து மனோரமாவின் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டான். துப்பறியும் நிபுணருக்கு உதவியாளர் கேடயமாக நிற்பதுதான் ஊர் வழக்கம். இவர்களிடம் அது நேர்மாறு.

மனோரமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தவர். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஏழு பேரை உயிரோடு பிடித்து வந்தவர். இப்போது சித்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறார். கோகுல் தினமும் திருத்தணியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறான். அவன் வாய்க்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்பார் மனோரமா.

"கத்தியைக் கீழே வைங்க ஏகாம்பரம்," என்றார் மனோரமா. "ஆள் கிடைக்கறதுக்கு முன்னாடியே தேய்ஞ்சி போயிடும். நடந்ததை இன்னொரு வாட்டி சொல்லுங்க."

பங்காருபாளையத்துக்கு வெளியே அவருடைய வெல்ல ஆலை. ஆலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கரும்பு நசுக்கும் மிஷின், ஒரு பெரிய கொப்பரை, தகரக் கூரை. ஏகாம்பரத்தின் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் கரும்பு வெட்டியவர். மகன் நாலு ஏக்கர் வாங்கி, வெல்லம் காய்ச்சி, வீடும் கட்டினார். அந்தப் பெருமை அவர் மீசையில் இன்றைக்கும் இருந்தது.

"ஒரே பையன் முரளி. அஞ்சி வருஷமா என்னாண்ட பேசல. மருமவளைக் கூட்டிக்கினு ஐதராபாத் போயிட்டான். இப்போ கனடா. ஒரேயடியாப் போறான். போறதுக்கு முன்னாடி, 'ஞாயித்துக்கிழமை ஐதராபாத் ஏர்போர்ட்டுக்கு வா நைனா, ரெண்டு மணி நேரம் இருப்பேன், பேரனைப் பாத்துட்டுப் போ'ன்னான்." அவர் கட்டைவிரலால் கத்தியின் கூரைத் தடவினார். "'றெக்கை'ன்ற ஆப்புல டிக்கெட் போட்டேன். ரேணிகுண்டா ஏர்போர்ட் போனா, 'இந்த நம்பர்ல டிக்கெட்டே இல்ல பெரியவரே, பக்கத்துல நில்லு'ன்றான் கவுண்டர்ல. மத்த பிளைட்டும் ஃபுல்லு. முரளிக்கு போன் போட்டேன். அவன் இன்னா சொன்னான் தெரியுமா?"

தெரியும். மூன்று நாளில் நாலு முறை கேட்டாகிவிட்டது. இருந்தாலும் மனோரமா குறுக்கிடவில்லை.

"'ஊரே அந்த ஆப்புல பறக்குது. உனக்கு மட்டும் டிக்கெட் போலியா நைனா? வர மனசில்லன்னு சொல்லேன்.' அவ்ளோதான். அப்பால போனே போவல. எவனோ ஒருத்தன் என் புள்ளைய என்னாண்டருந்து பறிச்சிட்டான் மேடம். நான் வந்தேன்னு முரளி நம்பணும். அதைச் செஞ்சவன் கை எனக்கு வேணும். ரெண்டு கையும்."

"போலீஸ்?"

"போலீஸ் எதுக்கு? கத்தி என்னுது, கோவம் என்னுது."

மனோரமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இந்த ஊரில் அந்த ஆப்பில் எத்தனை பேர் போயிருக்காங்க, கோகுல்?"

"இருபத்தி மூணு பேர் மேடம். எட்டு மாசத்துல. எல்லாரும் நல்லபடியாப் போய் நல்லபடியா வந்திருக்காங்க. ஜன்னல் சீட்டு கேட்டவங்களுக்கு ஜன்னல் சீட்டு. ஒருத்தர்கிட்டயும் ஒரு ரூபா அதிகம் வாங்கல. இவ்ளோ ஒழுங்கான திருடனை நான் பார்த்ததே இல்லை. நானே டிக்கெட் போடலாம்னு இருக்கேன்."

"அதுதான் எனக்கு உறுத்துது. இருபத்தி மூணு பேரை ஒழுங்கா அனுப்பிட்டு ஒரே ஒருத்தரை மட்டும் ஏமாத்தறவன் திருட வரலை. ஏகாம்பரம், ஆப்புன்னாலே நீங்க நம்பாத ஆள்னு உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க. இதை எப்படி நம்பினீங்க?"

"முனுசாமி போனான். நானும் நம்பினேன்."

முனுசாமி அடுத்த வீடு. மாங்காய் மண்டியில் எடை போடுகிறவர். கூப்பிட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் போன். வானத்திலிருந்து எடுத்த மேகப் படத்தை அதில் முகப்பாக வைத்திருந்தார்.

"நான் மட்டும் மொதல்ல நம்பினேனா? ரங்கையா போய்ட்டு வந்தாரு, அப்பறம்தான் நானு. பணம் கட்டின மறுநாள் ஒரு பொண்ணு போன் பண்ணிச்சி. 'ஊறுகாயைக் கைப்பையில வெக்காதீங்க, புடுங்கிப்பாங்க. பெல்ட்டக் கழட்டச் சொல்லுவாங்க, பயப்படாதீங்க. காது அடைச்சா எச்சி முழுங்குங்க'ன்னு. அப்படி எந்த ஆப்பு சொல்லும்? எம்பொண்ணுகூட அவ்ளோ அக்கறையாச் சொல்லாது."

"அது மட்டுமா?"

"சூலம் காட்டும் மேடம்! நாள் காலண்டர்ல போட்டிருக்குமே, இன்னிக்கி எந்தத் திசையில போவக்கூடாதுன்னு, அது. எல்லாத்துக்கும் மேல திருச்சானூர்ல கடை இருக்குது. பிரிண்ட் வேணும்னா அங்க போய் வாங்கிக்கலாம். நாளைக்கி ஏமாத்திட்டா சட்டையைப் புடிக்க ஒரு எடம் வேணும் இல்ல?"

மனோரமா சிரித்தார். விமானக் கம்பெனிகள் லட்சக்கணக்கில் செலவழித்து, மக்கள் ஏன் ஆப்பை நம்புகிறார்கள் என்று ஆராய்கின்றன. முனுசாமியைக் கேட்டிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "கடையா? எனக்குத் தெரியாதே. எனக்குப் பேப்பர் தபால்லயே வந்துச்சி."

"எங்க யாருக்கும் தபால்ல வரலியே," என்றார் முனுசாமி.

மனோரமாவின் சிரிப்பு நின்றது. "ரெண்டு பேரும் போனைக் குடுங்க."

இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முனுசாமி போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐதராபாத். ஏகாம்பரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை, அதே ஐதராபாத், அதே காலை விமானம். முனுசாமியின் டிக்கெட்டுக்குக் கீழே 'சூலம் இல்லை' என்று பச்சை எழுத்து. ஏகாம்பரத்தின் டிக்கெட்டுக்குக் கீழே சிவப்பில் 'மேற்கே சூலம். பரிகாரம்: வெல்லம்' என்றிருந்தது.

கோகுல் தலையைச் சொறிந்தான். "ஐதராபாத் வடக்கே. ரேணிகுண்டா ஏர்போர்ட் இங்கேருந்து கிழக்கே. இதில் மேற்கு எங்கேருந்து வந்துச்சு? பைலட் வழி தெரியாம சுத்திக்கிட்டுப் போவாரோ?"

"எங்கப்பா காலத்துலேருந்து எங்க வீட்டுக் கணக்கு வேற," என்றார் ஏகாம்பரம் கம்பீரமாக. "எந்த ஊருக்குப் போறோம்ன்றது முக்கியமில்ல. வாசல்ல வெக்கற மொத அடி எந்தத் திசையோ, அதுதான். எங்க வாசல் மேற்கு. ஞாயிறு, வெள்ளி ரெண்டு நாளும் எங்களுக்கு ஆவாது. அன்னிக்கி வெல்லத்த வாயில போட்டுக்கினு கெளம்பினேன்."

"பின்வாசல் வழியா போயிருக்கலாமே சார்?"

"பின்வாசலே வெக்கல தம்பி."

"உங்க வாசல் மேற்குன்னு ஆப்புகிட்ட சொன்னீங்களா?" என்றார் மனோரமா.

"இல்லியே. யாரும் கேக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கத்தி பிடித்திருந்த கை கொஞ்சம் தாழ்ந்தது.

"கிளம்புங்க, திருச்சானூருக்கு," என்றார் மனோரமா.

அன்று வெள்ளிக்கிழமை. ஏகாம்பரம் உள்ளே போய், ஒரு வெல்லத் துண்டை வாயில் போட்டு, இன்னொன்றைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். கத்தியைக் கோணியில் சுற்றிக் காரில் காலடியில் போட்டுக்கொண்டார். ஸ்டியரிங்கில் இருந்த கோகுல் அதைப் பார்த்தான், மனோரமாவைப் பார்த்தான், பிறகு சீட் பெல்ட்டை இன்னும் இறுக்கமாகப் போட்டுக்கொண்டான்.

கார் சித்தூரைத் தாண்டியது.

"பையில் இன்னொரு துண்டு எதுக்கு?" என்றார் மனோரமா.

"திரும்பி வர்றப்போ கூட யாராச்சும் வந்தா குடுக்கறதுக்கு. ஒரு துண்டு வெல்லம் போட்டுக்கினா தோஷம் போயிடும் மேடம். சும்மா இல்ல, காலண்டர்லயே போட்டிருக்கான்."

"சரி. உங்க வீட்டு வாசல் கணக்கு யார் யாருக்குத் தெரியும்?"

"நான், எம் பொண்டாட்டி ரத்னம்மா, முரளி, மருமவ பத்மினி. வீட்டுல இருந்தவங்க அவ்ளோதான். முனுசாமிக்குக் கூடத் தெரியாது."

"எல்லாரையும் கடைக்கு வரச் சொன்னவங்க உங்களுக்கு மட்டும் தபால் அனுப்பியிருக்காங்க. ஏன்? நீங்க போனா முகத்தை அடையாளம் தெரிஞ்சிடும். அவங்களுக்கு உங்க வீட்டுச் சங்கதி தெரியணும், உங்களுக்கு அவங்க முகமும் தெரியணும். உங்க மருமகள் பத்மினிக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

ஏகாம்பரம் யோசித்தார். "ஒரு தங்கச்சி. ராமகுப்பத்துல. கல்யாணத்துல பாத்ததுதான். பேரு நெனப்பில்ல."

மனோரமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். கோகுலுக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்காமல் சந்திரகிரியைத் தாண்டினான்.

திருச்சானூரில் அம்மவாரு கோயிலுக்குப் போகும் தெருவில் ஷேர் ஆட்டோக்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே எட்டுக்கு எட்டு அடியில் ஒரு கடை. 'டிராவல்ஸ், பிரிண்ட், லேமினேஷன்' என்று மூன்று மொழியில் பலகை. சின்னதாக ஒரு றெக்கைப் படம். ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தது. ஓடி ஒளிகிற ஆளின் கடை போலவே இல்லை.

மேஜைக்குப் பின்னால் இருபத்தேழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மொட்டை போட்ட ஒருவருக்கு டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பெல்ட்டு தீசேயமண்டாரு, பயபடகண்டி," என்று தெலுங்கில் சொல்லி அனுப்பினாள். பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள், பயப்படாதீர்கள்.

நிமிர்ந்தாள். மனோரமாவைப் பார்த்தாள். பின்னால் வந்த ஏகாம்பரத்தைப் பார்த்ததும் பிரிண்டரை நிறுத்தினாள்.

"பத்தொம்பது நாளாச்சே," என்றாள். "இன்னும் சீக்கிரம் வருவீங்கன்னு நெனச்சேன். உக்காருங்க. எம்பேரு அம்சவேணி. உங்களுக்கு நெனப்பிருக்காது."

கோணி அவிழ்ந்தது. ஏகாம்பரம் கத்தியை ஓங்கவில்லை, ஆனால் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

"ஏன்டி? உனக்கு நான் இன்னா பண்ணேன்? என் புள்ளையப் பாக்கவிடாம பண்ணிட்டியே! அவன் கனடாவுல போய்க் குந்திக்கினு என்னைப் பொய்யன்றான்டி!"

"சார், லாட்ஜ்ல குழந்தைங்க இருக்கு," என்று கோகுல் நடுவில் வந்து நின்றான். இந்தத் தடவை மனோரமாவின் முதுகுக்குப் பின்னால் அல்ல. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அம்சவேணி நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஸ்ரீசிட்டியில கம்ப்யூட்டர் வேலையில இருந்தேன். விட்டுட்டு வந்தேன். எட்டு மாசம் முன்னாடி அக்கா போன்ல சொன்னா, கனடா போறோம், போறதுக்கு முன்னாடி மாமா அவங்க நைனாவை ஒரு வாட்டி பாக்கணும்ன்றாருன்னு. அக்கா ஒத்துக்கினா. எனக்கு ஆவல. இவரு ஆப்பை நம்ப மாட்டாரு, ஊரு போனா போவாரு. அதனால ஊரையே அனுப்பினேன். இருபத்தி மூணு பேரு. மாமாவோட கனடா டிக்கெட்டும் நான்தான் போட்டேன். ஞாயித்துக்கெழமையாப் பாத்துப் போட்டேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?" என்றார் மனோரமா.

"தெரியாது. தெரிஞ்சா என்னாண்ட பேசமாட்டா."

"செஞ்சது குற்றம். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டு. யாராண்ட வேணும்னாலும் குடுங்க." ஒரு கவரை மேஜை மேல் வைத்தாள். பிறகு ஏகாம்பரத்தை நேராகப் பார்த்தாள். "எங்கம்மா பட்டுப்பூச்சி வளத்தாங்க. அஞ்சி வருஷம் முன்னாடி, தை மாசம், ஞாயித்துக்கெழமை. மல்பெரித் தழை போட்டுக்கினு இருந்தவங்க அப்படியே விழுந்துட்டாங்க. காலையில பதினோரு மணிக்கி அக்காவுக்கு போன் போட்டேன். பங்காருபாளையத்துலருந்து ராமகுப்பம் ரெண்டு மணி நேரம். அம்மா ராத்திரி ஏழு மணி வரைக்கும் உசிரோட இருந்தாங்க. எட்டு மணி நேரம் வாசலையே பாத்துக்கினு இருந்தாங்க. பத்மினி, பத்மினின்னு. அக்கா மறுநாள் வந்தா. எரிச்சி முடிச்சிட்டோம்."

தெருவில் ஆட்டோக்காரன் 'பஸ்ஸ்டாண்ட், பஸ்ஸ்டாண்ட்' என்று கத்தினான்.

"அன்னிக்கி சூலம்," என்றார் ஏகாம்பரம். குரலில் இன்னும் முறுக்கு இருந்தது. "மேற்கு வாசல். ராமகுப்பமும் மேற்கு. ரெண்டும் மேற்கு. கைக்குழந்தையோட எப்படி அனுப்புவேன்? கார் சாவியை எடுத்து வெச்சிக்கினேன். நல்லதுக்குத்தான்."

"இப்போ போனீங்களே. அதே ஞாயிறு. அதே வாசல்."

"வெல்லம் போட்டுக்கினு போனேன்."

அம்சவேணி மேஜை மேல் இரண்டு கைகளையும் ஊன்றினாள்.

"நீங்க போட்டுக்குவீங்களான்னு பாக்கத்தான் ஆப்புல அத எழுதினேன். சூலம்னு சொல்லாமயே விட்டிருக்கலாம். சொன்னேன். போட்டுக்கினு கெளம்பினீங்க. உங்க புள்ளைன்னா கெளம்பறீங்க." மூச்சு வாங்கினாள். "வெல்லம் காய்ச்சற வீடு. அன்னிக்கி உங்க வீட்ல வெல்லம் இல்லையா?"

கோகுல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

ஏகாம்பரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கத்தி மடியில் கிடந்தது. கோகுல் அதை மெதுவாக எடுத்துக்கொண்டான். அவர் தடுக்கவில்லை.

"ஆலை ஓடிக்கினு இருந்துச்சி," என்றார் கடைசியில். "கொப்பரை அடுப்புல. பதினாலு ஆளுங்க. ரத்னம்மா காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தா. பத்மினி போயிட்டா சோறாக்க ஆளு இல்ல. சூலம்னா ஒருத்தனும் எதுத்துப் பேசமாட்டான். அதான் சொன்னேன்."

மனோரமாவின் காது மடல்கள் சிவந்திருந்தன. இருபது வருடத்தில் எத்தனையோ பொய்க் கிளெய்ம்களைப் பார்த்தவர் அவர். சூலத்தின் பெயரில் எழுதிய கிளெய்மை இப்போதுதான் பார்க்கிறார்.

"ஏகாம்பரம்," என்றார், "நீங்க என்னைக் கூப்பிட்டது முரளி நம்பணும்னு. அம்சவேணி சொன்னா அவர் நம்புவார்."

"சொல்றேன்," என்றாள் அம்சவேணி. "டிக்கெட் போலி, நான்தான் செஞ்சேன், நைனா நெஜமாவே வந்தாருன்னு சொல்றேன். ஆனா அது மட்டும் தனியாப் போவாது. வெல்லமும் சேந்துதான் போவும். ரெண்டையும் இவரே தன் வாயால சொல்லட்டும். இவரு நம்பரை மாமா பிளாக் பண்ணிட்டாரு. என் நம்பர்லருந்து பேசட்டும்."

போனில் முரளியின் பெயரை எடுத்து, பதிவு செய்யும் பொத்தானைக் காட்டி அவர் முன்னால் நீட்டினாள்.

ஏகாம்பரம் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். முதல் பாதியை மட்டும் சொன்னால் மகன் திரும்பி வந்துவிடுவான். அது அவருக்கும் தெரியும், அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"முரளி… நைனா பேசறேன். நான் வந்தேன்டா. ரேணிகுண்டா வந்து வாசல்ல நின்னேன். டிக்கெட் போலி. அம்சவேணி பண்ணது. அவங்கம்மாவுக்காக." நிறுத்தினார். கட்டைவிரல் பொத்தானை விடத் துடித்தது. விடவில்லை. "அன்னிக்கி வீட்ல வெல்லம் இருந்துச்சிடா. நாப்பது மூட்டை இருந்துச்சி. பத்மினிக்கி ஒரு துண்டு குடுத்து அனுப்பியிருக்கலாம். ஆலைக்கு ஆளு வேணும்னு நிறுத்திட்டேன். சூலம்னது பொய்."

விட்டார். செய்தி போனது. இரண்டு கோடுகள் விழுந்தன. கனடாவில் அப்போது விடியற்காலை. கொஞ்ச நேரத்தில் கோடுகள் நீலமாயின.

நாலு பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வந்தது. ஒரே வரி.

'பத்மினியும் கேட்டாள்.'

அதற்கு மேல் எதுவும் வரவில்லை. மன்னிப்பும் இல்லை, வசவும் இல்லை. கோகுல் பத்து நிமிடம் காத்திருந்து, போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஏகாம்பரம் எழுந்தார். கவரை எடுத்து, பிரிக்காமலே நாலாகக் கிழித்து மேஜை மேல் போட்டார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு, காகிதத்தில் மடித்த வெல்லத் துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

அம்சவேணி காகிதத்தைப் பிரித்தாள். நல்ல வெல்லம், தேன் நிறத்தில் இருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா எட்டு மணி நேரம் காத்துக்கினு இருந்தாங்க மேடம்," என்றாள். "நான் அவராண்டருந்து எடுத்தது ரெண்டே மணி நேரம்தான்."

வெல்லத்தைக் குப்பைக்கூடையில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு பிரிண்டரை மறுபடி ஆன் செய்தாள். வாசலில் ஒரு குடும்பம் டிக்கெட்டுக்காக நின்றிருந்தது.

"ரண்டி, ரண்டி," என்று தெலுங்கில் உள்ளே கூப்பிட்டாள். "எந்த ஊரு போவணும்?"